கொல்லிமலையும் கோணிப்பைத் துப்பாக்கிகளும்

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிப் பேசுவார்கள். ஆகாய கங்கை அருவியைப் பற்றி, அறப்பளீஸ்வரர் கோயிலைப் பற்றி, பலாப்பழத்தையும் மிளகையும் பற்றிப் பேசுவார்கள். செம்மேட்டில் நிற்கும் வல்வில் ஓரி சிலை முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தவன் என்று வன்பரணர் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. ஒவ்வோர் ஆடி மாதமும் அவனுக்கு அரசு விழா எடுக்கிறது. விழாவில் வில்வித்தைப் போட்டிகூட உண்டு.

அதாவது, இந்த மலையில் வேட்டையாடியவனுக்குச் சிலை இருக்கிறது! அவன் பிடித்த வில்லுக்கும் மரியாதை இருக்கிறது. ஆனால் வில்லுக்குப் பிறகு இதே மலைக்கு வந்து சேர்ந்த ஆயுதம் ஒன்று உண்டு. அதற்குச் சிலையும் இல்லை, விழாவும் இல்லை. பல நேரம் அது கோணிப்பையில் சுற்றப்பட்டு, இரவோடு இரவாகச் சாலையோரத்திலோ கோயில் திண்ணையிலோ யாரும் பார்க்காதபோது வைக்கப்படுகிறது. காலையில் போலீஸ் வந்து எடுத்துப் போகிறது. அதுதான் நாட்டுத் துப்பாக்கி. செய்தித்தாள் பாஷையில் சொன்னால் 'கள்ளத் துப்பாக்கி'.

இந்தக் கட்டுரை அந்தக் கோணிப்பையைப் பற்றியது. ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் வெளிநாட்டுக்குப் போய் வர வேண்டும்.

அமெரிக்காவில் துப்பாக்கி சேகரிப்பது தபால்தலை சேகரிப்பது மாதிரி ஒரு பொழுதுபோக்கு. சேகரிப்பாளர்கள் ஒன்றுகூடினால் "உன்னிடம் இருப்பதிலேயே அபூர்வமான கைத்துப்பாக்கி எது?" என்று கேட்டுக்கொள்வார்கள். ஒவ்வொருவரும் பெருமையாக எடுத்துக் காட்டுவார்கள். எது அபூர்வம்? விலை உயர்ந்தது எல்லாம் அபூர்வம் இல்லை. உதாரணமாக, நம் வீட்டுப் பாட்டிகள் மிதித்த தையல் மிஷின் கம்பெனி சிங்கர் இருக்கிறதே, அது 1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காக 500 கைத்துப்பாக்கிகள் செய்து கொடுத்தது. சோதனைக்காகச் செய்த அந்த 500-உடன் சரி, அப்புறம் அந்தக் கம்பெனி கைத்துப்பாக்கி பக்கமே போகவில்லை. இன்றைக்கு அந்த 500-ல் ஒன்று கையில் இருந்தால் அவர் சேகரிப்பாளர்களில் ராஜா. 1847-ல் செய்யப்பட்ட கோல்ட் வாக்கர் ரிவால்வர் மொத்தம் சுமார் 1,100 தான். அதில் பெட்டியோடு கெடாமல் இருந்த ஒன்று 2018-ல் 18 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. 2021-ல் இன்னும் பெரிய கதை. பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனை 1881-ல் ஷெரிஃப் பாட் காரெட் சுட்ட ரிவால்வர் 60 லட்சம் டாலருக்கு விற்றது. அந்த ரிவால்வரில் வைரமோ தங்கமோ கிடையாது. அதே மாடலில் ஆயிரக்கணக்கில் வேறு ரிவால்வர்கள் இருக்கின்றன. அது யார் கையில் இருந்தது, என்ன செய்தது என்ற கதைக்குத்தான் அந்தப் பணம்.

ஆக, அபூர்வம் என்பது இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, எண்ணிக்கை குறைவு. இரண்டு, அதனுடன் ஒட்டிக்கொண்டிருக்கும் கதை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இப்படிச் சேகரிக்க முடியுமா? சுலபம் இல்லை. 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்க முடியாது. 1983-ல் ஒருவருக்கு அதிகபட்சம் மூன்று என்று வரம்பு வந்தது. 2019 திருத்தத்தில் அது இரண்டாகக் குறைந்தது. முதலில் ஒன்றே ஒன்று என்றுதான் மசோதா வந்தது. தாத்தா காலத்துத் துப்பாக்கிகளை என்ன செய்வது என்று பழைய ராஜ குடும்பங்களும் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் குரல் கொடுத்த பிறகு இரண்டு ஆனது. மூன்றாவதை ஒரு வருடத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. பரம்பரையாக வந்தது என்றாலும் இரண்டுக்கு மேல் கூடாது.

கைத்துப்பாக்கி என்றால் இன்னும் கெடுபிடி. .38 ரிவால்வர், 9 எம்.எம். பிஸ்டல் எல்லாம் சாதாரண மக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். .32 போன்ற சிறிய ரகம்தான் கிடைக்கும். 1980-களில் தனியார் இறக்குமதி நிறுத்தப்பட்டதால், அதற்கு முன்பே இந்தியாவுக்குள் வந்துவிட்ட வெப்ளி, வால்தர் போன்ற வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளுக்கு இங்கே தனி மவுசு. வெளிநாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் பழைய பிஸ்டல் இங்கே பல லட்சத்துக்குக் கை மாறும். அரசாங்கமே உருவாக்கிக் கொடுத்த அபூர்வம் இது!

கொல்லிமலையில் இந்த வெப்ளி, வால்தர் எதுவும் கிடையாது. கைத்துப்பாக்கியே அங்கு கதையில் இல்லை. அதற்குக் காரணம் எளிது. கைத்துப்பாக்கி மனிதனை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. இடுப்பில் செருகலாம், பத்தடி தூரத்தில் நிற்பவனைச் சுடலாம். மலைக்காரனுக்கு எதிரி மனிதன் இல்லை, மரவள்ளித் தோட்டத்துக்குள் ராத்திரி புகும் காட்டுப்பன்றி. அதற்கு நீண்ட குழல் வேண்டும். வளைவு ஏறி மேலே போகப் போகத் துப்பாக்கியின் குழல் நீளமாகிறது, அதன் நோக்கம் மாறுகிறது. இந்த வித்தியாசத்தை இந்தியச் சட்டமே ஒப்புக்கொள்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதைப் பிறகு பார்ப்போம்.

நாட்டுத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது? ஒரு இரும்புக் குழாய், ஒரு மரக்கட்டை, ஒரு விசை. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணியையோ நாரையோ அடைத்து, கம்பியால் இடித்து, மேலே ஈய ரவையோ சைக்கிள் பால்ரஸ் குண்டுகளோ போட்டு, மறுபடி அடைத்து இடிக்க வேண்டும். பின்பக்கம் ஒரு கேப். குதிரை அதன் மேல் விழுந்தால் பொறி உள்ளே போகும், மருந்து வெடிக்கும். கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றின் கலவை. நூற்றில் முக்கால் பங்கு வெடியுப்பு. ஒரு முறை சுட்டால் அடுத்த முறை சுட மறுபடி எல்லாவற்றையும் முதலில் இருந்து செய்ய வேண்டும். அதற்குள் பன்றி பக்கத்து ஊருக்கே போயிருக்கும். இலங்கை வன்னிப் பக்கத்தில் இதையே 'இடியன் துவக்கு' என்பார்கள். இடித்து இடித்து மருந்தை இறுக்குவதால் இடியன். எவ்வளவு பொருத்தமான பெயர்!

இது உலகத்தின் மற்ற பகுதிகளில் சுமார் 150 வருடங்களுக்கு முன்பே ராணுவம் கைவிட்ட தொழில்நுட்பம். அமெரிக்க சேகரிப்பாளர் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கும் வாக்கர் ரிவால்வரும் இதே கருமருந்து, இதே கேப் முறையில் வெடிப்பதுதான். அது மியூசியம் சரக்கு, இது வழக்கு சரக்கு.

இன்னொரு விஷயம். தொழிற்சாலையில் செய்த துப்பாக்கி ஆயிரம் இருந்தாலும் ஆயிரமும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் நாட்டுத் துப்பாக்கி ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஒவ்வொன்றும் ஒரு கொல்லன் கையில் பிறந்தது. விசை எப்படி வைத்தான், கட்டையை எப்படிச் செதுக்கினான், குழலைக் கட்டையோடு எதை வைத்துக் கட்டினான் என்று எல்லாமே வேறு வேறு. சிங்கர் பிஸ்டல் 500 என்றால் இது ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் உலகத்தின் மிக அபூர்வமான துப்பாக்கிகள் கோணிப்பையில்தான் இருக்கின்றன. இது கொஞ்சம் மிகை போலத் தோன்றும். ஆனால் கணக்கு தப்பில்லை.

இப்போது கதைப் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் மக்களிடம் இருந்து ஆயுதத்தைப் பிடுங்குவது நேற்று ஆரம்பித்த வேலை இல்லை. கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரர்களும் அவர்கள் ஆட்களும் துப்பாக்கி, ஈட்டி எதுவும் வைத்திருக்கக்கூடாது, கோட்டைகளை இடிக்க வேண்டும் என்றது அது. பிறகு 1857 கலகம், அதற்குப் பின் 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் இந்தியா முழுவதற்கும் ஆயுதச் சட்டம். வெள்ளைக்காரனுக்கு விலக்கு, இந்தியனுக்கு உரிமம். சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டு வந்தார்கள்.

1878 சட்டத்தில் இந்தியர்களிலும் ஒரு கூட்டத்துக்கு விலக்கு கிடைத்தது. குடகுக்காரர்கள். அவர்களுக்கு 1861-லேயே கமிஷனர் மார்க் கப்பன் காலத்தில் விலக்கு கொடுக்கப்பட்டிருந்தது. குடகு இனத்தவரும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களும் இன்றும் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். 2019-ல் மத்திய அரசு இந்தச் சலுகையை 2029 வரை நீட்டித்தது. இதை எதிர்த்துப் போட்ட வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் சலுகை செல்லும் என்று சொல்லிவிட்டது. அங்கே செப்டம்பர் மாதம் கைல்போது பண்டிகையில் துப்பாக்கியைக் கழுவித் துடைத்து, பூ வைத்துப் பூஜை போடுகிறார்கள். மரத்தில் தேங்காயைக் கட்டிச் சுடும் போட்டி நடக்கிறது. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, யாராவது இறந்தால் இரண்டு வெடி என்பது அவர்கள் மரபு.

குடகுக்கும் கொல்லிமலைக்கும் நடுவே காகம் பறக்கும் தூரம் ஒன்றும் பெரிதில்லை. இரண்டும் மலை, இரண்டிலும் மிளகும் காபியும் விளைகிறது, இரண்டிலும் காட்டுப்பன்றி உண்டு. ஒரு மலையில் துப்பாக்கிக்குப் பூ வைக்கிறார்கள், இன்னொரு மலையில் கோணிப்பையில் சுற்றுகிறார்கள். வித்தியாசம் எங்கே வந்தது? குடகுக்காரர்கள் வெள்ளைக்காரனுக்கு விசுவாசமாக இருந்தார்கள், நிலம் வைத்திருந்தார்கள், ராணுவத்துக்கு ஆள் கொடுத்தார்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், வழக்குப் போடத் தெரிந்தவர்கள். கொல்லிமலையில் இருக்கும் மலையாளி பழங்குடியினருக்கு (கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் மலையாளிகள்) அப்படி ஒருவரும் பேசவில்லை. காஞ்சிபுரத்தில் இருந்து அண்ணன் தம்பிகளாகப் புறப்பட்டு ஆளுக்கு ஒரு மலையில் குடியேறியதாக அவர்கள் ஒரு கதை சொல்கிறார்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு என்று மலையையே நாடு நாடாகப் பிரித்து, பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் என்று தலைவர்கள் வைத்து வாழ்ந்தவர்கள். அவர்களுடைய துப்பாக்கி எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

சட்டத்தின் வித்தியாசத்தைப் பிறகு பார்ப்போம் என்று மேலே சொல்லியிருந்தது. 1959 சட்டத்தின் 13-ம் பிரிவைப் படித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கைத்துப்பாக்கி கேட்பவர் தக்க காரணம் காட்ட வேண்டும், அதிகாரி திருப்தி அடைய வேண்டும். ஆனால் உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கி கேட்பவருக்கு, ஆட்சேபணைக்குரிய காரணம் இல்லாவிட்டால், உரிமம் கொடுக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. கொல்லிமலைக்காரன் தோளில் மாட்டியிருந்த அதே வகைத் துப்பாக்கி! சட்டம் அவனுக்காகவே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. ஆனால் அந்தக் கதவு மலைக்குக் கீழே இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல். அதுவரை கலெக்டர் ஆபீஸ் சேலத்தில். கருமருந்து இடிக்கத் தெரிந்தவனுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாது. எழுதிக் கொடுக்கவும் ஆள் இல்லை. கொல்லன் செய்த துப்பாக்கிக்கு உரிமம் கேட்டுப் போனால், அந்தக் கொல்லனுக்கு உரிமம் எங்கே என்ற கேள்வி வரும். அவ்வளவுதான்.

இன்றைக்கு உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் தண்டனை இரண்டு முதல் ஐந்து வருடம். 2019-க்கு முன்பு ஒன்று முதல் மூன்று. துப்பாக்கி செய்பவருக்கு ஏழு வருடத்தில் இருந்து ஆயுள் வரை. அதனால்தான் கொல்லிமலை, கல்வராயன்மலை, ஜவ்வாதுமலை என்று எல்லா மலைகளிலும் போலீஸ் ஊர்க் கூட்டம் போட்டு, "தாங்களாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை" என்று அறிவிக்கிறது. மக்களும் ஊர்ப் பெரியவர்கள் மூலம் ஒப்படைக்கிறார்கள். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்பவர்கள் கோணிப்பை வழி. இந்த ஏற்பாட்டில் போலீஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீடு புகுந்து சோதனை போட்டு, தாத்தாவையும் பேரனையும் ஜெயிலுக்கு அனுப்புவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவும் முடியாது. நாட்டுத் துப்பாக்கியை ரொமான்டிக்காகப் பார்ப்பது கீழ்நாட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சுலபம். இருட்டில் பன்றி என்று நினைத்துக் கூட வந்தவனையே சுட்டுவிட்ட செய்திகள் எத்தனை! குழல் வெடித்துக் கண் போனவர்கள் இருக்கிறார்கள். குடிபோதைச் சண்டையில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மானும் முயலும் காட்டுக்கோழியும் அதற்கு இரையாகியிருக்கின்றன, பன்றி மட்டும் அல்ல. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம், குற்றமாக இருப்பதுதான் நியாயம்.

ஆனால் துப்பாக்கி போனதும் பன்றி போய்விடவில்லை. பன்றிக்கு அரசாணை படிக்கத் தெரியாது. துப்பாக்கி இல்லாத இடத்தில் அவுட்டுக்காயும் கள்ள மின்வேலியும் வருகின்றன. பழத்துக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயைப் பன்றிதான் கடிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே ஒரு விவசாயி போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் ஒன்றாகச் செத்துக் கிடந்த படம் பலருக்கு நினைவிருக்கும். கேரளாவில் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அதிகாரம் கொடுத்து, உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களை வைத்துப் பன்றியைச் சுட ஏற்பாடு செய்தார்கள். தமிழ்நாட்டில் 2025-ல் வந்த முடிவின்படி, காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைத்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர்தான் சுட வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் தொடக்கூடாது. நடுவில் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். கொல்லிமலையில் எந்தத் தோட்டம் காட்டில் இருந்து 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது? டேப் பிடித்து அளந்து பார்த்தால் தெரியும். ஆயுதத்தை வாங்கிக்கொள்கிற அரசு, அந்த ஆயுதம் செய்த வேலையையும் வாங்கிக்கொள்ள வேண்டும் அல்லவா? பயிர் இழப்பீடு உடனே கிடைத்தால் அடுத்த கோணிப்பை தானாக வரும்.

சரி, ஒப்படைத்த துப்பாக்கி என்ன ஆகிறது? கணக்கில் எழுதி, ஆயுதக் கிடங்குக்குப் போய், கோர்ட் நடைமுறை, கலெக்டர் உத்தரவு எல்லாம் முடிந்த பின் அழிக்கப்படும். குழல் வெட்டப்படும், கட்டை விறகாகும், இரும்பு இரும்பாகும். இங்கேதான் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதே தவறு தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஒரு முறை நடந்திருக்கிறது.

தஞ்சாவூரின் கடைசி மராட்டிய ராஜா இரண்டாம் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி அரண்மனையை எடுத்துக்கொண்டது. அங்கே ஒரு பெரிய ஆயுத சாலை இருந்தது. நாயக்கர் காலத்தில் இருந்து சேர்ந்த வாள், கட்டாரி, அங்குசம் என்று மலைபோல் குவிந்திருந்தது. 1860-களில் அதைக் கலைத்தார்கள். நல்லதாகத் தெரிந்த சிலவற்றை மட்டும் சென்னை மியூசியத்துக்குப் பொறுக்கி எடுத்தார்கள். மீதியை உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். இன்று எழும்பூர் மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தஞ்சாவூர் ஆயுதங்களைப் பார்த்து வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வாய் பிளக்கிறார்கள். உடைந்து போனவை என்னென்ன என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு உடைத்த அதிகாரிக்கு அது தேவையில்லாத இரும்பு, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. லாகூரில் 1928 டிசம்பர் 17 அன்று சாண்டர்ஸ் சுடப்பட்ட வழக்கில் பகத்சிங்கின் கைத்துப்பாக்கி சாட்சிப் பொருள். .32 கோல்ட் பிஸ்டல். அது பல கை மாறி, 1969-ல் இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. அங்கே துருப்பிடிக்காமல் இருக்க மற்ற துப்பாக்கிகளோடு சேர்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்துவிட்டார்கள். பல வருடங்கள் அது பத்தோடு பதினொன்று. 2016-ல் ஒருவழியாகத் தேடிப் பிடித்து, பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தால் எண் 168896. கோர்ட் பதிவில் இருந்த அதே எண்! இன்று அது பஞ்சாபில் ஹுசைனிவாலாவில் மக்கள் பார்வைக்கு இருக்கிறது. சந்திரசேகர ஆசாத்தின் கோல்ட் பிஸ்டலை ஓர் ஆங்கிலேய அதிகாரி இங்கிலாந்துக்கே கொண்டுபோய்விட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு திரும்பி வந்து அலகாபாத் மியூசியத்தில் இருக்கிறது. இந்தியாவின் மிக அபூர்வமான கைத்துப்பாக்கிகள் எவை என்று கேட்டால் இந்த இரண்டையும்தான் சொல்ல வேண்டும். எந்த சேகரிப்பாளரிடமும் இவை இல்லை என்பது நல்ல விஷயம். பகத்சிங் பிஸ்டல் தப்பியதற்குக் காரணம் அந்த எண்ணை அன்றைக்கே யாரோ ஒரு குமாஸ்தா ஒழுங்காக எழுதி வைத்தது.

கொல்லிமலைத் துப்பாக்கிக்கு எண் கிடையாது. அதனால்தான் எழுதி வைப்பது இன்னும் அவசியமாகிறது. பகத்சிங்கோடு பன்றி வேட்டைக்காரனை ஒப்பிடுவதா என்று யாராவது கோபப்படலாம். ஒப்பீடு மனிதர்களைப் பற்றி இல்லை, பொருள்களைப் பற்றியது. ஒரு மலையின் கொல்லர் வேலை, மருந்து தயாரிக்கும் அறிவு, வேட்டை முறை, பயிர்க் காவல் எல்லாம் சேர்ந்த பொருள் அது. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் வயதானவர்கள். கேட்டால் சொல்லவும் மாட்டார்கள், ஏனென்றால் சொன்னால் ஏழு வருடம்!

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, நீளம் அளந்து, குழல் எதில் செய்தது, கட்டை எந்த மரம், விசை எந்த வகை, எந்த நாட்டில் இருந்து வந்தது என்று ஒரு அட்டையில் எழுதினால் போதும். கொடுத்தவர் பெயர் வேண்டாம், ஊர் பெயர்கூட வேண்டாம், நாடு போதும். கோணிப்பைக்காரர்களுக்குக் கொடுத்த வாக்கும் காப்பாற்றப்படும். ஆயிரத்தில் அல்ல, நூற்றில் இரண்டு மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, குழலில் துளையிட்டு, உள்ளே ஈயம் காய்ச்சி ஊற்றி, இனி எந்தக் கொல்லனாலும் உயிர் கொடுக்க முடியாதபடி செய்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 45-ம் பிரிவு, வழக்கொழிந்த பாணியிலோ தொல்பொருள் மதிப்போடோ உள்ள, பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது.

இப்படி வைத்தால் திருடு போகாதா, மறுபடி ஆசை வராதா என்பது வழக்கமான கேள்வி. கோவை ஹாமில்டன் கிளப் கட்டடத்திலும் சென்னை எழும்பூரில் 2021-ல் திறந்த காவல் அருங்காட்சியகத்திலும் ஆயுதங்கள் காட்சிக்கு இருக்கின்றன. இதுவரை யாரும் அதைப் பார்த்துவிட்டு வேட்டைக்குக் கிளம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் அங்கே வைப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. போலீஸ் மியூசியத்தில் வைத்தால் அது 'பறிமுதல் செய்த பொருள்' ஆகிவிடும். பார்க்கிறவன் குற்றவாளியின் துப்பாக்கி என்றுதான் பார்ப்பான். பயிரைக் காக்க இரவெல்லாம் பரண் மேல் குளிரில் உட்கார்ந்திருந்த மனிதன் அங்கே காணாமல் போய்விடுவான். குடகுக்காரனுக்குக் கிடைத்த மரியாதையில் பாதி வேண்டாம், கால்வாசியாவது வேண்டுமென்றால் அது மலை மேலேயே இருக்க வேண்டும், மலைக்காரர்கள் சொல்லும் விளக்கத்தோடு இருக்க வேண்டும்.

அதற்கு ஒரு கட்டடம் கட்டும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். ஆடி மாதம் ஓரி விழாவின்போது செம்மேட்டில் மலர்க் கண்காட்சி நடக்கிறது, ஒவ்வொரு துறையும் ஒரு அரங்கு போடுகிறது. அங்கே ஒரு மேஜை. மேலே ஒரு வில், பக்கத்தில் ஈயம் ஊற்றி அடைத்த ஐந்து நாட்டுத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றிலும் கட்டிய ஒரு அட்டை. மேஜைக்குப் பின்னால் போலீஸ்காரருக்குப் பதிலாக ஒரு ஊர்க்கவுண்டர் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும். போலீஸ்காரர் கொஞ்சம் தள்ளி நின்று பலாச்சுளை சாப்பிடட்டும்.